காய்ச்சல் வராத பிள்ளை

எங்கள் பக்கத்தில் ஒரு சரக்கு நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. வெடித்துப் பார்ப்பது. லோடு ஏற்றுவதற்கு முன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, ஆலைக்கு வெளியே பொட்டலில் வைத்துப் பற்றவைப்பார்கள். நன்றாக வெடித்தால் சரக்கு நல்ல சரக்கு. எதை நல்லது என்று சொன்னார்களோ அது மட்டும் அப்போது அங்கே இருக்காது, காகிதத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். இந்தப் பழக்கத்தை எங்கள் ஆட்கள் பட்டாசோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளை, டாக்டர், பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் இப்படித்தான் பார்ப்பார்கள். பற்றவைக்கச் சோம்பலாக இருந்தால் பெட்டியின் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

லேபிளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. என் பிழைப்பே அதுதான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அச்சாகி வரும் தாள்களை மேசையில் விசிறிப் பார்த்து, நிறம் விலகியது, மை இழுவியது, ஓரம் மடங்கியது எதுவானாலும் உருவி ஓரமாகப் போட வேண்டும். ஆர்டர் கொடுத்த பார்ட்டி வந்து பார்க்கும்போது கட்டுக்குள் ஒரு கெட்ட தாள்கூட இருக்கக் கூடாது. நாள் முழுக்க நின்றபடி நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிறவள் நான். வீட்டுக்கு வந்தால் குழம்பில் மிதக்கும் கறிவேப்பிலையைக்கூட உருவி ஓரம் வைப்பதாக என் வீட்டுக்காரர் சொல்வார்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இருக்கிறது. அதாவது அதன் படம். பொன்னிற முடியும் ரோஜாக் கன்னமுமாய், பல் விழாத வாயோடு சிரிக்கும். தீபாவளி சீசனில் அது கம்பி மத்தாப்புப் பெட்டியின் மேல் சிரிக்கும். சீசன் முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு அட்மிஷன் தொடங்கினால், அதே குழந்தையின் கையில் மத்தாப்பை எடுத்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பின்னால் ஒரு பனிமலையையும் வைத்து, தனியார் பள்ளிகளின் நோட்டீசில் சிரிக்கவிடுவோம். 'உலகத்தரம்' என்று கீழே ஒரு வரி வரும். பனிமலை எதற்கு என்று டிசைன் போடும் தம்பியிடம் ஒருமுறை கேட்டேன். பார்ட்டி குளுகுளுன்னு கேட்டாக என்றான். எங்கள் பக்கத்து ஆமத்தூர் வெயிலில் வேன் ஏறி வரப்போகிற பிள்ளைக்கு அந்தப் பனிமலை எந்த விதத்தில் உதவும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த நோட்டீசைப் பார்த்து மயங்கியவர்களில் நாங்களும் உண்டு. என் மகளை முதலில் அப்படி ஒரு வேன் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தோம். பெயரில் இன்டர்நேஷனல் இருந்தது. பின்பக்கம் சோளக்காடு இருந்தது. டை, பெல்ட், ஷூ, சாக்ஸ் என்று நாளுக்கு ஒரு விதி. என் நாத்தனாரின் மகனும் அங்கேதான் படித்தான், இன்னும் படிக்கிறான். நாத்தனாருக்குப் பள்ளியின் தரம் டையின் முடிச்சில் இருக்கிறது. முடிச்சு ரப்பர் போட்டுத் தைத்தது என்பதால் அது அவிழ்வதே இல்லை, தரமும் குறைவதே இல்லை.

என் மகள் எழுத்துக்கூட்டி வாசிப்பவள். ஒவ்வோர் எழுத்தையும் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அடுத்த எழுத்துக்குக் கால் வைப்பாள். அந்தப் பள்ளியில் அவளை எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். இரண்டாவது சொல்லுக்குள் மிஸ் உட்காரச் சொல்லிவிடுவார். உட்காரும்போது வகுப்பே சிரிக்கும். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் அவள் வாசிப்பதை நிறுத்தினாள். பிறகு பள்ளியில் வாயைத் திறப்பதையே நிறுத்தினாள். டைரியில் 'நாட் அட்டென்டிவ்' என்று எழுதி அனுப்பினார்கள். அந்த டைரியை அச்சடித்தது எங்கள் அச்சகம், தாளைச் சரிபார்த்தது நான். பிழை இல்லாமல் அச்சாகியிருந்தது.

வேனை நிறுத்திவிட்டு, எங்கள் ஊரிலேயே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அவளைச் சேர்த்தேன். நாத்தனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். கூலிக்குப் போறவுக பிள்ளைகள்லாம் படிக்கிற எடத்துல போயி விட்டுட்டியே என்றாள். நாங்கள் என்ன, ஆலைக்கே முதலாளியா? அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே லோடு ஆட்டோவை முறை வைத்து ஓட்டுகிறார்கள். எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் அடுத்தவன் காட்டில் களை பறித்தவர்கள்தான். ரப்பர் முடிச்சு அதையெல்லாம் எப்படி மறக்கடிக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

ஒன்றியப் பள்ளிக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மேலே கூரை இருந்தது, ஆனால் இருந்தும் பயனில்லை. ஐப்பசியில் மழை இறங்கினால் எல்லா வகுப்பும் ஒரே அறைக்குள் வந்துவிடும், ஏனென்றால் ஒழுகாத அறை அது ஒன்றுதான். ஒரு மூலையில் வாய்ப்பாடு, ஒரு மூலையில் ஆத்திசூடி, நடுவில் ஒரு வாளி. தலைமையாசிரியை மேலே எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். மேலிருந்து தண்ணீர்தான் வந்தது.

நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. இதைக் கேட்டு யாரும் எழுந்து நிற்க வேண்டாம். அங்கே படிக்கும் பிள்ளையின் தாய்தான் தலைவியாக வேண்டும் என்பது விதி. தேர்தல் நடந்த நாளில் தாய்மார்களை வேலைக்கு அழைத்துப்போகப் பட்டாசுக் கம்பெனி வேன்கள் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அன்று வார விடுமுறை. ஹாரனைக் கேட்டுப் பதறாமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். என் பெயரை யாரோ சொன்னார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், கைதட்டிக்கொண்டே வேனுக்கு ஓடிவிட்டார்கள். எதிர்த்துப் போட்டியிட ஆள் இல்லாமல் இவ்வளவு வேகமாக ஜெயித்தவர்கள் நாட்டில் குறைவு.

தலைவியான பிறகு பள்ளியின் தரத்தை அளக்க வருகிறவர்களை நிறையப் பார்த்தேன். ஒருவர் கைகழுவும் குழாய்களைத் திறந்து பார்த்தார். ஒருவர் சுவரில் எத்தனை தலைவர்கள் படம் இருக்கிறது என்று பார்த்தார். ஒருவர் காலை உணவுக்குப் போட்ட கிச்சடியை ருசி பார்க்க வந்து இரண்டாம் தடவையும் ருசி பார்த்தார். எல்லோரும் தவறாமல் பார்ப்பது கழிப்பறை. அதனால் பிள்ளைகள் அதைப் பாழாக்கிவிடாதபடி எப்போதும் பூட்டி வைத்திருந்தார்கள். யாராவது பார்க்க வருகிற அன்று திறப்பார்கள். மாவட்டத்திலேயே சுத்தமான கழிப்பறை எங்களுடையதுதான், யாரும் போனதில்லை.

போன வருஷம் ஆடி கழிந்த சமயம், ஒரு பட்டாசு ஆலை முதலாளி எங்கள் பள்ளியைப் பார்க்க வரப்போவதாகச் செய்தி வந்தது. தன் அப்பா நினைவாக ஒரு பள்ளிக்கு நல்ல கட்டடம் கட்டித்தர நினைக்கிறாராம். எங்கள் பள்ளி, பக்கத்து ஊர்ப் பள்ளி இரண்டையும் பார்த்துவிட்டு, எது தரமோ அதற்குக் கொடுப்பாராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூரை ஒழுகினால் பள்ளியில் தரம் இல்லை, தரம் இல்லாத பள்ளிக்குக் கூரை இல்லை. நோயாளிகளில் ஆரோக்கியமானவனாகப் பார்த்து வைத்தியம் செய்கிற டாக்டர் மாதிரி. ஆனால் தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மழைக்குள்ள கூரை கெடச்சா போதும்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விருதுநகரிலிருந்து தினமும் பஸ் மாறி வருகிறவர் அவர். பணி ஓய்வுக்கு முன் அந்த வாளியை எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசை உண்மையானது என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஏற்பாடுகள் தொடங்கின. ஊரிலுள்ள வீடுகளிலிருந்து பூந்தொட்டிகள் இரவல் வந்தன. அதில் ஒன்று துளசி, அதை வேண்டுதல் போலத் தனியாக வைத்தார்கள். பிள்ளைகள் 'வெல்கம் சார்' பாட்டுப் பழகினார்கள். வகுப்பில் உட்காரும் வரிசையை மாற்றினார்கள். தடதடவென்று வாசிக்கிற பிள்ளைகள் முன்னால், தயங்குகிறவர்கள் பின்னால். நான் அதை வாசலில் நின்று பார்த்தேன். அச்சகத்தில் கட்டுக் கட்டும்போது நாங்களும் நல்ல தாளைத்தான் மேலே வைப்போம்.

வருகைக்கு முதல் நாள் காலையில், சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாண்டி, தலைமையாசிரியை என்னை வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப்போனார். சுற்றி வளைத்தார். பேச்சு மழைக்குப் போய், கூரைக்கு வந்து, முதலாளிக்குப் போய், கடைசியில் என் மகளிடம் வந்து நின்றது.

"தப்பா எடுத்துக்கிடாதீகம்மா. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பாப்பாவ வீட்ல வச்சுக்கிடுங்க. காய்ச்சல்னு சொல்லிக்கிடுவோம்."

இன்னும் சில பிள்ளைகளின் வீட்டிலும் சொல்லிவிட்டதாகவும், அவர்கள் எல்லோரும் பள்ளிக்கு நல்லது நடக்கட்டும் என்று சரி சொல்லிவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தலைவி. இந்தப் பள்ளியில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவள். என் பிள்ளையையே பார்வையிலிருந்து ஒளித்துவைக்கச் சொல்லி என்னிடமே உத்தரவு கேட்கிறார்கள். எனக்கு எரிந்தது. கத்தியிருப்பேன். ஆனால் அவருக்குப் பின்னால் மூன்றாம் வகுப்பின் கூரை தெரிந்தது. சிமென்ட் பெயர்ந்து கம்பி துருத்திக்கொண்டிருந்தது. என் மகள் ஒருத்தி வாய் திக்கி, அதனால் இத்தனை பிள்ளைகளுக்கும் கட்டடம் போய்விட்டால்? பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு நாள்தானே, லீவு போட்டா என்ன கொறஞ்சா போகுது என்றார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார், தேரே கவிழ்ந்தாலும் ஒரு பக்கம்தானே என்பார். மகளோ அதற்குள் சீருடையைத் துவைத்து, தானே தண்ணீர் தெளித்து நீவி, கொடியில் போட்டிருந்தாள். முதலாளி வந்தால் பிஸ்கட் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிஸ்கட்டில் ஒன்றை எனக்குக் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

அன்று பகலில் அச்சகத்தில் நான் உருவிப் போட்ட தாள்கள் மேசையின் ஓரத்தில் குவிந்திருந்தது நினைவுக்கு வந்தது. உருவிப் போடுவது என் வேலை என்பதால் அதன் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தாளை ஓரம் வைத்துவிட்டால் அதை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. கொஞ்சம்தான் விலகியிருக்கிறது, பரவாயில்லை என்று ஒருவர்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. எடைக்குப் போகும். எடைக்குப் போனது பட்டாசுக் குழல் சுற்றப் போகும். ஒரு நாள் லீவு என்பது ஒரு நாளோடு நிற்காது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த தடவை யார் வந்தாலும் அவளுக்குக் காய்ச்சல் வரும். அவள் வாசிக்கப் பழகிய பிறகும் வரும்.

மறுநாள் அவளுக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி, நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வாசலில் என் மகளைப் பார்த்ததும் தலைமையாசிரியையின் முகம் வாடிவிட்டது. காய்ச்சல் இல்லை டீச்சர் என்று மட்டும் சொன்னேன். அவர் அவளைக் கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார வைத்தார்.

முதலாளி ஒரு ஆலோசகரைக் கூட்டி வந்திருந்தார். கல்வியில் ஆலோசனை சொல்கிறவராம். கையில் ஒரு டேப்லட்டை வைத்துக்கொண்டு, ஃபேன், ஜன்னல், விளக்கு என்று படம் எடுத்துக்கொண்டே போனார். பிள்ளைகளை மட்டும் எடுக்கவில்லை, ஒருவேளை அதிலிருந்த படிவத்தில் பிள்ளைகளுக்கு என்று கட்டம் இல்லையோ என்னவோ. கழிப்பறையைத் திறந்து காட்டியதும், வெரி குட் என்றார். இத்தனை பிள்ளைகள் புழங்கும் கழிப்பறை எப்படித் துளிகூட ஈரமில்லாமல் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

முதலாளி வேறு ரகம். வெள்ளை வேட்டி சட்டை, கையில் போன், பொறுமையில்லாத நடை. பட்டாசிலேயே பிறந்து வளர்ந்தவர். நேராக என் மகள் படிக்கும் மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தார். தலைமையாசிரியை முன்வரிசையில் ஒரு பிள்ளையைக் காட்டி, வாசிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். அந்தப் பிள்ளை எழுந்தே விட்டது. முதலாளி அதை உட்காரச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"மேல அடுக்கி வச்சிருக்கிறத நீங்களே எடுத்துக் குடுத்தா அது சாம்பிளா டீச்சர்? பெட்டிக்கு அடியில கெடக்கிறத எடுத்துப் பத்த வைக்கணும்."

சொல்லிக்கொண்டே கடைசி வரிசைக்கு நடந்தார். அங்கே ஆள் குறைவாக இருந்தது, ஏனென்றால் அந்த வரிசைக்குத்தான் காய்ச்சல். மிச்சமிருந்தவர்களில் என் மகளின் தலையில் கை வைத்தார். வாசலில் நின்றிருந்த நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். தலைமையாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாடம் மழையைப் பற்றியது. வேறு பாடமே கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். மழை வந்தது, குளம் நிறைந்தது, தவளைகள் ஒன்றையொன்று கூப்பிட்டன. அவ்வளவுதான். முன்வரிசைப் பிள்ளைக்கு அது ஒரு மூச்சு.

அவள் 'ம' என்றாள். விரலை நகர்த்தினாள். 'ழை' என்றாள். பிறகு இரண்டையும் சேர்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முதலாளி குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். 'வந்தது' முடிவதற்குள் அவர் போன் அடித்தது. லோடு எங்கேயோ மடக்கப்பட்டிருக்கிறது போல. போனைக் காதில் வைத்தபடி வராந்தாவுக்குப் போய், யாரையோ வைய ஆரம்பித்துவிட்டார். ஆலோசகர் கரும்பலகையைப் படம் எடுத்தார்.

அவள் நிறுத்தவில்லை. குளத்துக்குப் போனாள். நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியின் உதடு அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. வகுப்பாசிரியை சுவரில் சாய்ந்து நின்றிருந்தார், சின்ன வயதுக்காரர். சொல்லை எடுத்துக் கொடுக்கவும் இல்லை, உட்காரவும் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் இது தினமும் நடப்பதுதான் என்பது போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். தவளைகளை அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து, கூப்பிடவைத்து, முடித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேர் வந்து இந்தப் பள்ளியின் குழாயையும் கிச்சடியையும் பார்த்தார்கள், இதை ஒருவரும் பார்த்ததில்லை. இப்போது வந்தவர்களில் ஒருவர் வராந்தாவில் நின்று லாரிக்காரனை வைதுகொண்டிருக்கிறார், இன்னொருவர் சாக்பீஸைப் படம் எடுக்கிறார்.

முதலாளி போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டே உள்ளே வந்தார். சரி, அடுத்த பிள்ளை என்றார். என் மகள் உட்காரவில்லை.

"நீங்க வெளிய போயிட்டீக சார். நான் முடிச்சிட்டேன். நீங்கதான் கேக்கல. திருப்பி வாசிக்கேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். வேன் பள்ளியில் ஒரு வருஷமாக வாயைத் திறக்காத என் மகள், வேட்டி கட்டிய முதலாளியை நிற்கவைத்து, 'ம' என்று தொடங்கினாள். தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியின் போன் மறுபடி அடித்தது. எடுத்துப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், போன் சத்தத்தை அமர்த்தினார். மழை வந்து, குளம் நிறைந்து, தவளைகள் கூப்பிட்டு முடியும்வரை நின்றே கேட்டார். அது அவருக்கு எத்தனை நீளமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

முடிந்ததும் அவர் ஆலோசகரைப் பார்த்துச் சிரித்தார். திரி பத்துனா லேட்டா வெடிக்கிற ரகம்போல என்றார். ஆலோசகர் சத்தமாகச் சிரித்தார். அந்த அறையில் சிரித்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

"வெடிச்சிருச்சுல்ல அண்ணாச்சி" என்றேன் நான், வாசலில் நின்றபடியே.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, யார் என்று தலைமையாசிரியையிடம் கேட்டார். தலைவி என்றார் அவர். அம்மா என்பதைச் சொல்லவில்லை. பிறகு பிஸ்கட் கொடுத்தார்கள்.

கட்டடம் எங்களுக்கு வரவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனது. அங்கே ஏற்கெனவே ஒழுகாத கூரையும் டைல்ஸ் தரையும் இருந்தன, எனவே தரம் இருந்தது. எங்கள் மனம் நோகக்கூடாது என்று முதலாளி சுற்றுச்சுவருக்குப் பெயின்ட் அடித்து, வாசலில் ஒரு வளைவும் கட்டிக் கொடுத்தார். வளைவில் அவருடைய அப்பா பெயர் பெரிதாகவும், பள்ளியின் பெயர் பள்ளியைத் தேடி வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் அளவிலும் இருந்தது. சுவரில் வரைய மாதிரிப் படம் வேண்டும் என்று ஆளை எங்கே அனுப்பியிருக்கிறார்கள்? எங்கள் அச்சகத்துக்கு. இப்போது எங்கள் பள்ளிச் சுவரில் அந்த வெள்ளைக்காரக் குழந்தை ஆள் உயரத்துக்குச் சிரிக்கிறது. தம்பி பனிமலையை மட்டும் எடுத்துவிட்டான், நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வருஷம் அட்மிஷன் கூடிவிட்டது. வண்டியில் போகிறவர்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் நாத்தனார் வந்து வளைவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, ஸ்கூலு இப்பத்தான் தேறியிருக்குல்ல என்றாள். உள்ளே அதே வாளி, அதே இடத்தில் இருந்தது. அவள் உள்ளே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலாளி வந்துபோன மறுநாள், காய்ச்சல் கண்ட பிள்ளைகள் எல்லோரும் சுகமாகிப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். நேத்து ஏன் வரல என்று என் மகள் கேட்டிருக்கிறாள். காய்ச்சல் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். எனக்கும் காய்ச்சல் என்று இன்னொருவன். அப்படியானால் நம்ம வரிசைக்கே காய்ச்சலா என்று இவள் விசாரித்திருக்கிறாள். கடைசியில் ஒரு பொடியன், காய்ச்சல்லாம் இல்ல, பெரிய டீச்சர்தான் வீட்ல அப்படிச் சொல்லச் சொன்னாக என்று உடைத்துவிட்டான். மாலையில் வந்து என்னிடம், எனக்கும் சொன்னாகளா என்று கேட்டாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தெரியலையே என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. முதல் நாள் எனக்காக எடுத்துவைத்து, கொடுக்க மறந்த பிஸ்கட் பையில் நொறுங்கிப்போயிருந்தது, அதைக் கொட்டி எறும்புக்குப் போட்டாள்.

தலைமையாசிரியையும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. என் மகள் முடிக்கும்வரை காத்திருந்து வாசிக்கவிடும் அந்த வகுப்பாசிரியையைக் கேட்டுவாங்கிக்கொண்டு வந்தவரே அவர்தான். ஆனால் தன் பள்ளியில் எது நல்ல சரக்கு என்று அவருக்கே தெரியவில்லை. பார்ட்டி வருகிறது என்றால் உருவி ஓரம் போடத்தான் அவருக்கும் கை போகிறது. அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரிந்த கை.

போன வாரம் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. மகள் என் அருகில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் துறையிலிருந்து பெரிய குழு வருகிறதாம். பள்ளிக்குத் தர மதிப்பீடு. பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வார்களாம். போனில் அவர் குரல், பக்கத்திலிருந்த மகளுக்கும் கேட்கும்படி, தயங்கித் தயங்கி வந்தது. போன தடவை மாதிரி ஆகிவிடக்கூடாதே என்றார். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றார். காய்ச்சல் என்ற சொல்லை இந்தத் தடவை அவர் சொல்லவே இல்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, போனைப் பிடிக்காத என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

"தொட்டுப் பாரும்மா. சுடல."

கழுத்து குளிர்ச்சியாக இருந்தது. மறுமுனையில் அவர் கேக்குதாம்மா, லைன்ல இருக்கீகளா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொட்டுப் பாத்துட்டேன் டீச்சர், காய்ச்சல் இல்ல. மத்த பிள்ளைக வீட்டுக்கும் போயித் தொட்டுப் பாத்துட்டு வாரேன்."

அவர் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். கம்பெனி வேன்கள் தாய்மார்களை இறக்கிவிடும் நேரம் அது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். எந்தெந்த வீடு என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் வரிசைதானே, முன்னால் நடந்தாள்.